தேயிலை மலையில் நின்று பார்த்தால்: ரோபோக்களும் வரப்போகும் சமூகமும்

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மகள் கோவையில் கணினிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். செயற்கை நுண்ணறிவும் ரோபோவும் பெருகினால் இன்னும் இருபது வருடத்தில் சமூகம் எப்படி இருக்கும்? அவளுடைய படிப்புக்கு மதிப்பு இருக்குமா? எங்கள் தோட்டத்தில் யார் இலை பறிப்பார்கள்?"

இந்த மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள் என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன். குன்னூர் வட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களின் மின்னணுப் பகுதியைப் பராமரிக்கும் வேலையில் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தவன் நான். ஆகவே தொழிற்சாலைக்குள் கண்ணால் பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன். நான் புரிந்துகொண்டது இதுதான்: ஒருவருடைய வேலையோடு வீடு, வைத்தியம், பிள்ளையின் படிப்பு, ஊரில் ஒரு மரியாதை, தவறு நடந்தால் தட்டிக்கேட்கும் உரிமை என்று எத்தனையோ முடிச்சுகள் போடப்பட்டிருக்கின்றன. இயந்திரம் வேலையின் ஒரு துண்டை எடுக்கும்போது அந்த முடிச்சுகளும் சேர்ந்து அவிழ்கின்றன. அவற்றை மறுபடி எதில் கட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்தே வருங்காலச் சமூகம் அமையும்.

முதலில் நான் பார்த்த ஓர் இயந்திரத்தைச் சொல்கிறேன். உலர்ந்த தேயிலைத் தூளில் தண்டும் நாரும் கலந்திருக்கும். முன்பு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் தூளைப் பரப்பி, பழுப்பு நிறத் தண்டுகளை விரல் நுனியால் பொறுக்கி எடுப்பார்கள். பிறகு கலர் சார்ட்டர் வந்தது. தூள் செங்குத்தான குறுகிய சரிவுகளில் ஒற்றை அடுக்காக வழிந்து விழும்போது எதிரே இருக்கும் கேமரா ஒவ்வொரு துகளின் நிறத்தையும் பார்க்கிறது. தண்டு என்று தெரிந்தால் கீழே உள்ள ஊசித்துளை ஒன்றிலிருந்து காற்று 'டப்'பென்று பாய்ந்து அந்தத் துகளை மட்டும் வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. விழுவதும் பார்ப்பதும் தள்ளுவதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இது வந்த பிறகு, பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் இரண்டு பேர் மீந்தார்கள். தூளின் தரம் உயர்ந்தது, விலையும் கூடியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெண்களிடம் இருந்த அறிவு, அதாவது எது தண்டு, எது வெறும் வெளிறிய இலை என்று நொடியில் பிரித்தறியும் பழக்கம், இயந்திரத்துக்கு அளவு வைக்கும்போது அவர்களிடம் கேட்டே பெறப்பட்டது. எந்தத் துகளைத் தள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று ஓர் அம்மா விரலால் தொட்டுக் காட்டக் காட்ட நான் திரையில் எண்களை மாற்றினேன். அந்த அறிவுக்கென்று அவருக்குத் தனியாக எதுவும் கிடைக்கவில்லை. இன்று உலகம் முழுவதும் செயற்கை நுண்ணறிவு இதே முறையில்தான் கற்கிறது. எழுதியவர்கள், வரைந்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் விட்டுச்சென்ற கோடிக்கணக்கான தடயங்களிலிருந்து பழகிக்கொள்கிறது. இந்தக் கேள்வியை அந்த அம்மாவை நினைத்தே எப்போதும் அணுகுகிறேன்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். கலர் சார்ட்டர் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளும் ரோபோ ஏன் இன்னும் நம் சரிவுகளுக்கு வரவில்லை? 1980களிலேயே ஹான்ஸ் மொரவெக் போன்ற ரோபோ ஆய்வாளர்கள் இதற்கான விடையைக் கண்டு சொன்னார்கள்: மனிதருக்குக் கடினமாகத் தோன்றும் கணக்கும் சதுரங்கமும் கணினிக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தை செய்யும் பார்ப்பது, நடப்பது, பிடிப்பது ஆகியவை அதற்கு மிகக் கடினம். மழையில் நனைந்த நாற்பது டிகிரிச் சரிவில் கால் ஊன்றி, காற்றில் ஆடும் செடியில், கீழ் இலை கிழியாமல், இரு கைகளாலும் மாறி மாறிக் கிள்ளும் பெண்ணின் திறமைக்கு ஈடான இயந்திரத்தை இன்றைக்கும் யாராலும் மலிவாகச் செய்ய முடியவில்லை. ஜப்பானில் சமதளத் தோட்டங்களில் ஆள் ஏறி அமர்ந்து ஓட்டும் அறுவடை இயந்திரங்கள் நெடுநாளாக இருக்கின்றன. அவை வரிசையின் தலையை ஒரே மட்டமாக வெட்டுகின்றனவே தவிர, கொழுந்தைத் தேர்ந்து பறிப்பதில்லை. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் தனித்தனிக் கொழுந்தைப் பார்த்துக் கிள்ளும் ரோபோக்களைச் சோதித்து வருகிறார்கள். நம் பக்கம் வந்திருப்பது கத்தரியும், பேட்டரியில் ஓடும் கையடக்க அறுவடைக் கருவியும்தான். அவையும் ரோபோவின் வெற்றியால் வந்தவை அல்ல. இலை பறிக்க உள்ளூரில் ஆள் கிடைக்காமல், ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வந்து பறிக்கும் நிலை ஏற்பட்டதால் வந்தவை. எனவே அடுத்த பத்து ஆண்டுகளுக்கு உங்கள் தோட்டத்தில் மனிதக் கையே இருக்கும், கையில் கருவி கூடியிருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

மேசை வேலையின் நிலைமை இதற்கு நேர்மாறு. 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயர் 1956இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நடந்த கூட்டத்தோடு புழக்கத்துக்கு வந்தது. 2012க்குப் பிறகு படங்களை அடையாளம் காண்பதில் பெரும் பாய்ச்சல் நிகழ்ந்தது. 2017இல் வந்த புதிய வகை நரம்பு வலையமைப்பு (மூளை நரம்புகளைப் போலப் பின்னிய கணிப்பு முறை) மொழியைக் கையாள்வதில் அடுத்த பாய்ச்சலைத் தந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது அது பொதுமக்களின் கைக்கு எட்டியது. பன்னாட்டு நாணய நிதியம் 2024 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகின் வேலைகளில் சுமார் 40 விழுக்காடு இதன் தாக்கத்துக்கு உட்படும். வளர்ந்த நாடுகளில் அது 60 விழுக்காடு, ஏழை நாடுகளில் 26 விழுக்காடு. படித்தவர் செய்யும் எழுத்து வேலை எங்கே அதிகமோ அங்கேதான் தாக்கமும் அதிகம். மலையிலிருந்து இறங்கிக் கோவைக்கும் பெங்களூருக்கும் போகும் பிள்ளைகள் முதலில் ஏறும் படி, அதாவது தரவு உள்ளிடுவது, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது, எளிய நிரல் எழுதுவது, சோதிப்பது, இவைதான் முதலில் ஆட்டம் காணும்.

ஆனால் இந்த விழுக்காடுகளைப் படிக்கும்போது ஒரு நிதானம் வேண்டும். 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு தானியங்கிமயமாகும் பேரபாயத்தில் இருப்பதாகக் கணித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்புக்காகச் செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு, வளர்ந்த நாடுகளில் சராசரியாக 9 விழுக்காடு என்றது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் எளியது. முதல் ஆய்வு ஒரு தொழிலை முழுதாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது, அந்தத் தொழிலுக்குள் ஒருவர் செய்யும் தனித்தனிக் காரியங்களைப் பார்த்தது. தொழிற்சாலையில் 'டீ மேக்கர்' என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். இலை வாடியதா என்று கையில் பிடித்துப் பார்ப்பார், நொதிக்கும் தூளை முகர்ந்து இன்னும் எத்தனை நிமிடம் என்பார், பதிவேட்டில் எழுதுவார், இலை கொண்டுவரும் ஏஜென்டிடம் வாதிடுவார், இரவில் தூளை உலர்த்தும் ட்ரையர் நின்றுபோனால் எழுந்து ஓடுவார். இதில் பதிவேட்டையும் வெப்ப அளவையும் இயந்திரம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. மூக்கின் வேலைக்குப் பக்கத்தில் உணர்கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. மிச்சத்துக்கு அவரே வேண்டும். ஆனால் ஐந்து காரியங்களில் இரண்டு போனவுடன், மூன்று ஆலைக்கு ஒரு டீ மேக்கர் போதும் என்று ஒருவர் முடிவெடுக்க முடியும். வேலை மறைவதைவிட, ஒருவர்மேல் மூவர் பாரம் ஏறுவதும் கூலி அப்படியே நிற்பதுமே அதிகம் நடக்கும். இதைத் தடுப்பதும் விடுவதும் முதலாளி, தொழிற்சங்கம், அரசு ஆகியோருக்கு இடையேயான பேச்சுவார்த்தையில் இருக்கிறது; இயந்திரம் அதில் ஒரு சாக்கு மட்டுமே.

தொழில்நுட்பம் மாறும்போது ஓர் ஊருக்கு என்ன நேரும் என்பதை நாம் ஊட்டியிலேயே பார்த்திருக்கிறோம். இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்து நாடெங்கும் போயின. ஒளி பட்டால் ஃபிலிம் கெட்டுவிடும் என்பதால் பூச்சுப் பூசும் பகுதியில் இருட்டிலேயே வேலை செய்யப் பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். வண்ண ஃபிலிம் பரவியதும், இறக்குமதிப் போட்டியும், ஏறிய கடனும் அதைத் தளர்த்தின. எண்ணியல் கேமராவும் எண்ணியல் எக்ஸ்ரேயும் வந்தபின் மீள வழியில்லாமல் போயிற்று. இருட்டில் விரலால் வேலை செய்யும் அந்தத் திறமையை வேறெங்கும் விற்க முடியவில்லை. ஊரின் பெயர் இன்றும் இந்து நகர் என்றே இருக்கிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்னவென்றால், தொழில்நுட்பம் ஒரே நாளில் வந்து அடிப்பதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் தொழிலாளிக்கு மறுபயிற்சிக்கும் மாற்று வாழ்வுக்கும் யார் பொறுப்பு என்று முடிவு செய்யாமலே காலம் போய்விடுகிறது.

எஸ்டேட்டுகளில் இந்த முடிச்சு இன்னும் இறுக்கமானது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை தரவே அரசு தேயிலைத் தோட்டங்களை நடத்தியது. டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அப்படி உருவானது. தோட்டத் தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் தருவதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கியது. நல்ல ஏற்பாடு, ஆனால் வேலை இருக்கும்வரைதான் லயன் வீடு (எஸ்டேட் தரும் வரிசை வீடு). மூன்று தலைமுறையாக வாழ்ந்த வீடு, கடைசி ஆள் ஓய்வுபெறும் நாளில் கேள்விக்குறியாகிவிடுகிறது. நகரத்தில் ஒருவர் வேலை இழந்தால் சம்பளம் போகிறது. இங்கே முகவரியே போகிறது. இயந்திரமயமாக்கலைப் பற்றிப் பேசும் எவரும் மலையில் முதலில் பேச வேண்டியது வீட்டுமனைப் பட்டாவைப் பற்றித்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

மறுபக்கத்தையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். மனிதர் செய்யவே கூடாத வேலைகள் இருக்கின்றன. பாதாளச் சாக்கடைக்குள் மனிதர் இறங்குவதைச் சட்டம் தடை செய்த பிறகும் சாவுகள் தொடர்ந்தன. 2018இல் கேரளத்தின் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய பாண்டிகூட் என்ற ரோபோ, குழிக்குள் தானே இறங்கிக் கசடை அள்ளுகிறது. அந்த வேலையை ரோபோ எவ்வளவு சீக்கிரம் முழுதாக எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு நல்லது. மருத்துவத்திலும் அப்படித்தான். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதாவதைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் மென்பொருளைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. கண் மருத்துவர் இல்லாத மஞ்சூரிலோ மன்னவனூரிலோ ஒரு செவிலியர் படமெடுத்து, பார்வை போகும் முன்பே சொல்லிவிட முடியும் என்பது எவ்வளவு பெரிய கொடை! ஆனாலும் 'உடனே லேசர் சிகிச்சை தேவை' என்று திரை சொன்ன பிறகு, அந்தப் பாட்டி மலையிறங்கப் பேருந்தும், கூட வர ஒரு பிள்ளையும், ஒரு நாள் கூலியை இழக்கும் வசதியும் வேண்டும். அதை மென்பொருள் தருவதில்லை.

யானைகளிலும் இதையே பார்க்கிறேன். கோவை மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் காக்க, கோபுரங்களில் வெப்பக் கேமராக்களை வைத்து, யானையை அடையாளம் கண்டவுடன் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும் ஏற்பாட்டை வனத்துறை 2024இல் தொடங்கியது. வால்பாறையில் அதற்கு வெகு முன்பே, யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் ஊருக்குச் சொல்லும் எளிய முறை உயிர்களைக் காத்தது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இரவில் வேலை முடித்து நடந்து வருபவருக்கு இத்தகைய எச்சரிக்கை தேவை என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால் எச்சரிக்கை வந்தபின் இருட்டில் இறங்கிப் போவது யார்? தடத்தையும் பிளிறலையும் வைத்து இது எந்த யானை, எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லக்கூடிய வேட்டைத் தடுப்புக் காவலர்கள், பெரும்பாலும் பழங்குடி இளைஞர்கள். கேமராவுக்குக் கோடிகளில் செலவிடும் திட்டம், அவர்களுடைய வேலையை நிரந்தரமாக்கவும் அதே அளவு மனம் வைக்க வேண்டும்.

மொழியைப் பற்றி ஒன்று. இனி அரசு மனுவும் வங்கியும் மருத்துவ ஆலோசனையும் பேசும் இயந்திரத்தின் வழியாக நடக்கும். அந்த இயந்திரம் எழுத்தில் இருப்பதையே கற்கிறது. தமிழுக்கே ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இடம் சிறிது. படுகு மொழிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சில ஆயிரம் பேர்கூடப் பேசாத தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1930களில் மரே எமனோ என்ற மொழியியலாளர் இந்த மலையில் தங்கி அவர்களுடைய பாடல்களையும் கதைகளையும் கேட்டு எழுதியதால் ஓரளவாவது பதிவு இருக்கிறது. உங்கள் அத்தை படுகில் சொல்லும் வைத்தியக் குறிப்பையும் வழக்குச் சொல்லையும் இன்று யார் பதிவு செய்கிறார்கள்? பதிவு செய்தாலும், அது யாருக்குச் சொந்தம்? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டால், தண்டு பொறுக்கிய அம்மாவின் கதை மறுபடி நடக்கும்.

இப்போது உங்கள் மகள். படிப்பைப் பாதியில் மாற்ற வேண்டாம். நிரல் எழுதத் தெரிவது மட்டுமே ஒரு தகுதியாக இருந்த காலம் முடிகிறது. எளிய நிரலை இயந்திரமே எழுதிவிடுகிறது. அது எழுதியது சரியா என்று சொல்லத் தெரிந்தவருக்கும், ஒரு துறையின் உள்விஷயம் தெரிந்து கணினியும் தெரிந்தவருக்கும் தேவை கூடும். அவளுக்கு அந்தத் துறை கையருகே இருக்கிறது. இலையின் தரத்தைக் கேமராவால் அளந்து, மென்கொழுந்து எத்தனை விழுக்காடு என்று சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. நாளை அந்த எண்ணே உங்கள் பச்சை இலையின் விலையாகும். இப்போது எடை போடுபவர் சாக்கு ஈரம் என்று இரண்டு கிலோ கழித்தால் நீங்கள் சண்டை போடுகிறீர்கள்; திரையோடு எப்படிச் சண்டை போடுவீர்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டம், வேலைக்கு ஆள் எடுப்பது போன்ற ஆபத்துள்ள பயன்பாடுகளில் மனித மேற்பார்வை கட்டாயம் என்கிறது. தமிழ்நாடு அரசும் 2020இலேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. எடை மேடையில் நிற்கும் சிறு விவசாயிவரை அது வந்துசேர, கேட்பதற்கு ஆள் வேண்டும்.

நம்மிடம் கூட்டுறவு ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வின் கீழ் பதினாறு. தரக் கேமராவை வெளி நிறுவனம் ஒன்று வைப்பதற்கும், அங்கத்தினரின் சொந்த ஆலையே வாங்கி வைப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவது வழியில் அந்தப் படங்களும் எண்களும் உறுப்பினர்களின் சொத்தாக இருக்க முடியும். ஆலையின் உறுப்பினர் பேரவைக் கூட்டத்தில் கணக்குக் கேட்க முடியும். ஆகவே மகள் விடுமுறைக்கு வரும்போது ஒரு சிறு வேலை கொடுங்கள். இலை எடை போடும் இடத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி இலையை எடுத்து, மென்கொழுந்து வேறு, முற்றல் வேறாகப் பிரித்து எடைபோட்டு எழுதட்டும். அதே இலையைக் கைப்பேசியில் படமும் எடுக்கட்டும். ஆடி மழையில் நனைந்து பளபளக்கும் இலை, மார்கழியில் உறைபனி பட்டுக் கருகிய இலை, கத்தரியால் வெட்டியது, கையால் கிள்ளியது என எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிக்கட்டும். கேமரா வந்து நிற்கும் நாளில், வெயில் காலத்து இலையை மட்டும் பார்த்துப் பழகிய கருவி மழைக்கால இலைக்கு எவ்வளவு குறைத்துப் போடுகிறது என்று அந்த நோட்டைத் திறந்து காட்ட உங்கள் ஹட்டியில் ஒருத்தி இருப்பாள்.